இரண்டு கடிகாரங்கள், ஒரு தெர்மாமீட்டர்

சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய ஓரிரு நாளில் பெண்ணின் உடல் சற்றே சூடாகிறது. எவ்வளவு? 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை. நமக்குப் பழக்கமான ஃபாரன்ஹீட்டில் சொன்னால் ஏறத்தாழ 0.4 முதல் 0.9 டிகிரி. நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. அந்தப் பெண்ணுக்கே உறைக்காது. ஆனால் தினமும் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்து எழுதி வந்தால், சுழற்சியின் முற்பாதி ஒரு தளத்திலும் பிற்பாதி அதைவிடச் சற்று உயர்ந்த தளத்திலும் நிற்பது தாளில் தெரிந்துவிடும்.

இந்தச் சிறு ஏற்றத்தை நம்பிக் குழந்தைக்கு முயல்வோரும் உண்டு, குழந்தையைத் தள்ளிப் போடுவோரும் உண்டு. வேண்டியதெல்லாம் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு கட்டம் போட்ட நோட்டும்தான். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஆனால் இந்த முறைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இரவில் தூங்க வேண்டும், காலையில் எழ வேண்டும். இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து மறுநாள் காலை வெளியே வரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு இது சரிப்படுமா? அமெரிக்க வாடிக்கையாளரின் பகலுக்காகத் தன் இரவைக் கொடுக்கும் சென்னை பிபிஓ ஊழியருக்கு? ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று சுழலும் ஆலைத் தொழிலாளிக்கு?

இந்தக் கேள்வி சிலருக்கானது மட்டுமல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவுப் பணிக்கு வழி திறந்தது. ஆலைக் கதவு அப்போது திறந்தது என்றால், மருத்துவமனைகளில் செவிலியர்கள் அதற்கும் பல தலைமுறைகளுக்கு முன்பே இரவில் விழித்திருந்தார்கள்.

சுருக்கமான விடை இது: இரவுப் பணியிலும் அளக்கலாம், ஆனால் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. காரணம், உடலுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மாதக் கணக்கு, மற்றொன்று நாள் கணக்கு. தெர்மாமீட்டர் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகையை.

மாதக் கணக்கு

மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாக எண்ணுவது மருத்துவ வழக்கம். அதிலிருந்து சூலகத்தில் ஒரு நுண்பை வளர்கிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவைத் தாண்டியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை ஒரேயடியாக வெளியிடுகிறது. அந்தப் பெருக்கு தொடங்கிய ஏறத்தாழ ஒன்றரை நாளில் பை உடைந்து முட்டை வெளியேறுகிறது. ஸ்கேன் அறை வாசலில் “முட்டை வெடிச்சிடுச்சா?” என்று கேட்கிறார்களே, அது இந்தக் கணத்தைத்தான்.

உடைந்த பை வீணாவதில்லை. அது மஞ்சள் நிறமுள்ள ஒரு தற்காலிகச் சுரப்பியாக உருமாறுகிறது. கார்பஸ் லூட்டியம் என்று பெயர். அதன் வேலை புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது. கருப்பையின் உட்சுவரைக் கரு தங்குவதற்கு ஏற்றபடி பதப்படுத்தும் ஹார்மோன் இது. இரத்தத்தின் வழியே மூளைக்கும் போய், உடல் வெப்பத்தை மேற்பார்க்கும் ஹைப்போதலாமஸையும் தொடுகிறது. எந்தச் சூட்டில் வியர்க்கத் தொடங்குவது, எப்போது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியே விடுவது என்ற எல்லைகள் இதனால் சற்று மேலே நகர்கின்றன. உடல் புதிய தளத்தில் நிலைகொள்கிறது. இது காய்ச்சல் அல்ல, நோயும் அல்ல. சுரப்பியின் ஆயுள் சுமார் இரண்டு வாரம். கரு தங்கவில்லை என்றால் அது சுருங்கும், வெப்பம் இறங்கும், மாதவிடாய் வரும். தங்கிவிட்டால் வெப்பம் இறங்காமல் நிற்கும்.

ஆக, வெப்பம் ஏறுவது முட்டை வெளியேறிய பிறகு. இது முக்கியம். வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்போடு இருக்கும். ஆணின் விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீர் மாதிரிகளைத் தினமும் ஆராய்ந்த ஆலன் வில்காக்ஸ் குழுவினர், முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களில் மட்டுமே கருத்தரிப்பு நிகழ்ந்ததை 1995-இல் வெளியிட்டார்கள். தெர்மாமீட்டர் ஏறும்போது அந்த ஆறு நாளும் முடிந்திருக்கும். எனவே வெப்ப வரைபடம் “இன்று முயலுங்கள்” என்று சொல்லும் கருவி அல்ல. “முட்டை வெளியேறியது, ஏறத்தாழ இந்த நாளில்” என்று பின்னால் உறுதி செய்யும் சாட்சி. சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தால் அடுத்த மாதத்தை ஊகிக்க அது உதவும். கருத்தரிப்பைத் தவிர்க்க விரும்புவோருக்கோ, ஆபத்தான நாட்கள் எப்போது முடிந்தன என்று அது சொல்லும்.

ஏற்றம் உண்மையா, ஒருநாள் கூத்தா என்று முடிவு செய்ய ஓர் எளிய விதி உண்டு. தொடர்ச்சியான மூன்று நாள் அளவுகள், அவற்றுக்கு முந்தைய ஆறு நாள் அளவுகள் எல்லாவற்றையும் விட உயர்ந்திருக்க வேண்டும். ‘ஆறுக்கு மேல் மூன்று’ என்று இதைச் சுருக்கலாம். அதாவது ஒரு முடிவுக்கு வர, வரிசையாக ஒன்பது நம்பகமான அளவுகள் தேவை. இரவுப் பணியாளருக்குச் சிக்கல் தொடங்கும் இடம் இந்த ஒன்பதுதான்.

ஒரு பரிசுக் கட்டுரை

இந்த இரண்டு தளங்களையும் தீவிரமாக அளக்கத் தொடங்கியவர்களில் ஒருவர், நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் மேரி புட்னம் ஜேக்கபி. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் படிப்பையும் வேலையையும் விட்டு ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று 1870-களில் அமெரிக்காவில் ஒரு வாதம் வலுத்திருந்தது. பெண்களுக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அது கைகொடுத்தது. ஜேக்கபி வாதத்துக்கு வாதம் செய்யாமல், பெண்களின் நாடித்துடிப்பு, வெப்பநிலை, தசைவலிமை ஆகியவற்றை மாதம் முழுக்க அளந்து ஒரு கட்டுரையில் காட்டினார். கட்டாய ஓய்வு தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்த அந்தக் கட்டுரை 1876-இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசைப் பெற்றது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளி மாணவியரைச் சேர்த்துக்கொண்டது 1945-இல்தான்.

பிறகு 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டச்சு மகப்பேறு மருத்துவர் வான் டி வெல்டே இந்த ஏற்றத்தை முட்டை வெளியேற்றத்தோடும் கார்பஸ் லூட்டியத்தோடும் இணைத்தார். 1934-இல் புரோஜெஸ்டிரோன் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. 1930-களிலிருந்து ஐரோப்பாவில் இந்த வெப்ப அளவீடு குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகவும் பரவியது. இந்த வரலாறு முழுக்க, அளக்கும் நேரம் காலை என்பது கேள்விக்கு உட்படாத ஒன்றாகவே இருந்தது. காலை அளவு மட்டும் ஏன் இவ்வளவு சீராக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இரண்டாவது கடிகாரத்தில் இருக்கிறது.

நாள் கணக்கு

நம் உடல் வெப்பம் நாள் முழுக்க 98.6-இல் நிற்பதில்லை. அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் மிகத் தாழ்ந்து, பிற்பகலின் பின்பகுதியிலும் மாலையிலும் உச்சத்துக்குப் போகிறது. அடிக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உழைப்பும் உணவும் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. ஒருவரை நாள் முழுக்கப் படுக்கவைத்து, தூங்கவிடாமல், ஒரே அளவு உணவைச் சம இடைவெளியில் கொடுத்து, மங்கிய வெளிச்சத்திலேயே வைத்து அளந்தாலும் இந்த அலை மறைவதில்லை. அதை இயக்குவது ஹைப்போதலாமஸிலேயே இருக்கும், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு மையம். கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை வைத்து அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

தூக்கமும் தனியாக வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கும். இரவில் தூங்குபவருக்கு இரண்டு இறக்கங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கடிகாரம் இறக்குகிறது, தூக்கமும் இறக்குகிறது. இன்னொரு வசதியும் உண்டு. புரோஜெஸ்டிரோன் ஏற்றும் சூடு இரவின் அடித்தளத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். மாலை உச்சத்தில் இரு பாதிகளுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். காலையில் எழுந்ததும் அளப்பது, அந்த அடித்தளத்துக்கு அருகிலேயே அளப்பது. அதனால்தான் அரை டிகிரிக்கும் குறைவான ஒரு மாற்றத்தை மருந்துக் கடைத் தெர்மாமீட்டரால் பிடிக்க முடிகிறது.

இரவுப் பணி இந்தக் கூட்டணியைப் பிரிக்கிறது. காலை பத்து மணிக்குப் படுப்பவருக்குத் தூக்கம் வெப்பத்தை இறக்கப் பார்க்கும், கடிகாரமோ ஏற்றிக்கொண்டிருக்கும். அவர் மூன்று மணிக்கு எழுந்து அளக்கும்போது உடல் தன் அன்றாட உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

குகைக்குள் 32 நாள்

“பழகிவிட்டால் உடல் மாறிக்கொள்ளாதா?” என்று கேட்கலாம். நத்தேனியல் கிளைட்மன் இதே கேள்வியோடு 1938 கோடையில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் போனார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தூக்கத்தை ஆராய்ந்தவர். கூடப் போனவர் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சன். சூரியன் எட்டாத அந்தக் குகையில் 32 நாள் தங்கி, நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று வாழ்ந்து பார்த்தார்கள். இடையறாது உடல் வெப்பத்தையும் குறித்தார்கள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் வெப்ப அலை புதிய நாளுக்கு ஏற்ப நீண்டது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடலோ 24 மணி நேரக் கணக்கை விடவே இல்லை.

பிந்தைய ஆய்வுகள் வெளிச்சத்தையும் கட்டுப்படுத்தி இதைத் துல்லியமாக்கின. ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லர் குழு 28 மணி நேர நாளை மிக மங்கிய ஒளியில் நடத்தியபோது, பங்கேற்றவர்களின் உட்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்ற வேகத்திலேயே ஓடியது. 1999-இல் இது வெளியானது. படுக்கும் நேரத்தை நாம் மாற்றலாம். கடிகாரம் அதன் போக்கில்தான் வரும்.

நிரந்தரமாக இரவில் வேலை செய்பவர்களுக்காவது இது மாறுமா? உட்கடிகாரத்தின் சொல்படி இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் அளவுகளை இரவுப் பணியாளர்களிடம் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து சைமன் ஃபோக்கார்ட் 2008-இல் எழுதினார். உட்கடிகாரம் முழுமையாக இரவு வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறியவர்களே நாலில் ஒருவர்கூட இல்லை. காரணம் புரியாததல்ல. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே காலை வெயில் முகத்தில் அடித்து, “இது பகல்” என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு இரவில் தூங்கினால் மாறியிருந்த கொஞ்சமும் பழைய இடத்துக்குத் திரும்பும்.

தாளில் நடக்கும் குழப்பம்

ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. பகல் பணி வாரத்தில் காலை ஆறு மணிக்கு எழுந்து அளக்கிறார்: 36.3 டிகிரி. இரவுப் பணி வாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து அளக்கிறார்: 36.7. சூலகத்தில் எதுவும் நடக்கவில்லை. கடிகார நேரம் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் இந்த 0.4 டிகிரி, புரோஜெஸ்டிரோன் ஏற்றக்கூடிய அதே அளவு.

அவருடைய இரவுப் பணி சுழற்சியின் 12-ஆம் நாளில் தொடங்குகிறது என்று கொள்வோம். 12, 13, 14 மூன்று நாளும் வரிசையாக உயர்ந்த எண்கள். ஆறுக்கு மேல் மூன்று விதி நிறைவேறிவிட்டது. முட்டை வெளியேறிவிட்டது என்று தாள் சொல்கிறது. உண்மையில் வெளியேறப் போவது 16-ஆம் நாளாக இருக்கலாம். கருத்தரிப்பைத் தவிர்ப்பவர் இந்தத் தாளை நம்பினால், மிக ஆபத்தான நாட்களைப் பாதுகாப்பானவை என்று எடுத்துக்கொள்வார். குழந்தைக்கு முயல்பவர், இனிப் பயனில்லை என்று சரியான நாட்களில் விலகியிருப்பார்.

இதன் மறுபக்கமும் உண்டு. இரவுப் பணி வாரத்தில் முட்டை வெளியேறி, அடுத்த நாளே அவர் பகல் பணிக்குத் திரும்புகிறார். புரோஜெஸ்டிரோன் 0.4 ஏற்றுகிறது, அளக்கும் நேரம் காலைக்கு மாறியதால் 0.4 இறங்குகிறது. இரண்டும் கழிந்து தாளில் ஒரே நேர்க்கோடு. இரண்டு தளம் இல்லை, எனவே முட்டை வெளியேறவில்லை என்று படிப்பவர் முடிவு கட்டுவார். ஏற்கெனவே உறவினர் விசாரிப்புகளால் நொந்திருக்கும் பெண்ணுக்கு அந்த நேர்க்கோடு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓடும் பேருந்தில் நகைக்கடைத் தராசை வைத்துப் பொன் நிறுப்பது போன்றது இது. தராசில் பிழையில்லை. அதனால்தான் இன்னும் நுட்பமான தெர்மாமீட்டரை வாங்குவது இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் கருவி, தவறான எண்ணை இரண்டு இலக்கத் துல்லியத்தோடு காட்டும், அவ்வளவே.

தாமதமாக எழுந்தால் ஒவ்வொரு அரை மணிக்கும் இத்தனை புள்ளியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கணக்கும் புழங்குகிறது. காலை ஆறுக்குப் பதில் ஏழுக்கு எழுந்தவருக்கு அது ஓரளவு ஒப்பேறலாம், ஏனெனில் அந்த நேரத்தில் வெப்பம் சீராக ஏறிக்கொண்டிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நேர்க்கோட்டுக் கணக்கு செல்லாது. இரவுப் பணியின் முதல் நாளும் ஐந்தாம் நாளும்கூட ஒன்றல்ல. கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருப்பதால் அடித்தளமே இடம் மாறும்.

ஒத்ததை ஒத்ததோடு

அப்படியானால் அளப்பதில் பொருளுண்டா? ஒரே வகையான தூக்கத்துக்குப் பின் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வரை உண்டு.

முதலாவதாக, ‘காலை’ என்பதை ‘நாளின் நீண்ட தூக்கம் முடியும் நேரம்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அது பிற்பகல் மூன்று மணி என்றால் மூன்று மணிதான். அதற்கு முன் குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். காஸ் சிலிண்டர்காரர் மணியடித்து எழுந்துபோய்க் கதவைத் திறந்து, மறுபடி வந்து படுத்துக் கண்ணயர்ந்த அரை மணிக்குப் பின் எடுக்கும் அளவு அடிப்படை வெப்பம் அல்ல.

இரண்டாவதாக, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், ஷிஃப்ட் மூன்றையும் எழுத வேண்டும். பகல் தூக்க அளவுகளை ஒரு நிறத்திலும் இரவுத் தூக்க அளவுகளை வேறு நிறத்திலும் குறித்தால் இரண்டு அடித்தளங்களும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். ஆறுக்கு மேல் மூன்று விதியை ஒரே நிறத்துக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஷிஃப்ட் மாறிய முதல் இரண்டு, மூன்று நாட்களின் அளவுகளை அடைப்புக்குள் போட்டுக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். காய்ச்சல், மது, சரியாகத் தூங்காத நாள் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றாவதாக, நிரந்தர இரவுப் பணியும் சுழல் பணியும் வேறு வேறு. எப்போதும் இரவில் வேலை, எப்போதும் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை தூக்கம் என்று இருப்பவரின் அடித்தளம் உயரத்தில் இருந்தாலும் ஓரளவு நிலையாக இருக்கும். ஏற்றம் குறுகலாகத் தெரியலாம், ஆனால் தெரியும். வாரத்துக்கு ஒன்றாகச் சுழல்பவருக்கு ஒரே நிறத்தில் தொடர்ச்சியாக ஒன்பது அளவுகள் கிடைப்பதே அரிது. இரண்டு நாள் இரவு, ஒரு நாள் ஓய்வு, மூன்று நாள் பகல் என்று ஓடும் பட்டியலில் வெப்ப வரைபடத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மான்செஸ்டரில் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் சொன்ன ஓர் உத்தி இங்கே உதவும். எட்டு மணி நேரத் தூக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாதபோது, அதில் நான்கு மணி நேரத்தையாவது எல்லா நாளும் ஒரே நேரத்தில் நங்கூரமாக நிறுத்தினால் உடல் வெப்பத்தின் அலை 24 மணி நேரத்தில் நிலைபெறுகிறது. வேலை நாளில் காலை எட்டு முதல் பிற்பகல் மூன்று வரை தூங்குபவர், விடுமுறை நாளில் அதிகாலை நான்கு முதல் நண்பகல் வரை தூங்கினால் எட்டு முதல் பன்னிரண்டு வரை பொதுவாக அமையும். குழந்தையும் மாமியாரும் உள்ள வீட்டில் இது எளிதல்ல. முடிந்தவர்களுக்குத் தாள் தெளிவடையும்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஃபாரன்ஹீட்டில் 0.1 டிகிரி காட்டும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர், செல்சியஸில் ஏறத்தாழ 0.06 டிகிரியைப் பிரித்துக் காட்டுகிறது. அதுவே போதும். நாக்குக்கு அடியில் என்றால் எப்போதும் அங்கேதான், வாயை மூடியபடி. நெற்றியில் காட்டும் துப்பாக்கி வகைக் கருவி இதற்கு ஆகாது. அது தோலை அளக்கிறது. அறையின் ஏசியும் மின்விசிறியும் தோலை மாற்றிவிடும்.

தூங்கும்போது மணிக்கட்டிலோ விரலிலோ அணிந்து வெப்பத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகள் இப்போது வந்துள்ளன. ஒரே ஓர் அளவுக்குப் பதில் தூக்கம் முழுவதின் அளவுகளையும் எடுப்பதால், கண் விழித்த நொடியின் தற்செயல்கள் குறைகின்றன. ஆனால் அவையும் தோலைத்தான் அளக்கின்றன. தூங்கும்போது உடலின் உள்வெப்பம் இறங்க, கைகால்களின் தோல் சூடேறும். உள்ளிருக்கும் சூட்டை உடல் அவ்வழியேதான் வெளியேற்றுகிறது. பகல் தூக்கத்தை அந்தக் கருவி தூக்கமாக ஏற்கிறதா என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும். எந்தக் கருவியானாலும் உட்கடிகாரத்தின் அலை அதற்குள்ளும் இருக்கும்.

வேறு சாட்சிகள்

நாள் கடிகாரத்தைச் சாராத அறிகுறிகள் உடலிலேயே இருக்கின்றன. முட்டை வெளியேறும் நாள் நெருங்க, ஈஸ்ட்ரோஜன் கருப்பைவாய்ச் சளியை மாற்றுகிறது. கெட்டியாக, கலங்கலாக இருந்தது நிறமற்று, வழவழத்து, இரு விரலுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் நீளும். முட்டை வெளியேறியபின் புரோஜெஸ்டிரோன் அதை மீண்டும் கெட்டியாக்கும். வெள்ளைப்படுதல் என்று பலர் இதை நோயாக எண்ணிக் கவலைப்படுகிறார்கள். அரிப்போ நாற்றமோ இல்லாத இந்த மாற்றம் இயல்பானது. ஷிஃப்ட் எதுவானாலும் இதைக் கவனிக்கலாம். வெப்பம் பின்னால் வரும் சாட்சி என்றால், சளி முன்னால் வருவது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறை ஜெர்மனியில் விரிவாக ஆராயப்பட்டது. 900 பெண்களின் 17,638 சுழற்சிகளைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், 13 சுழற்சிகளுக்குப் பின் நூறு பெண்களுக்கு 1.8 என்ற அளவில்தான் திட்டமிடாத கர்ப்பம் ஏற்பட்டது. ஆனால் அவர்கள் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள். இரண்டு அறிகுறிகளும் ஒன்றையொன்று சரிபார்த்தன. அதில் ஒரு சாட்சி தடுமாறினால் அந்த எண்ணை நமக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது. சுழல் ஷிஃப்டில் இருந்துகொண்டு கருத்தரிப்பைத் தவிர்க்க வெப்பத்தை மட்டும் நம்புவது தகாது. ஆணுறையோ காப்பர் டியோ வேறு முறையோ தேவை.

குழந்தைக்கு முயல்பவருக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் கூடுதல் துணை. அது சிறுநீரில் எல்.ஹெச். பெருக்கைக் காட்டும். கோடு தெரிந்த அடுத்த ஒன்றிரண்டு நாளில் முட்டை வெளியேறலாம் என்று பொருள். இரவு முழுக்கத் தண்ணீரும் டீயுமாகக் குடிப்பவரின் சிறுநீர் நீர்த்துப்போய்க் கோடு மங்கக்கூடும். எனவே சோதிப்பதற்கு முன் இரண்டு மணி நேரமாவது அதிகம் குடிக்காமல், தினமும் ஒரே இடைவெளியில் பார்ப்பது நல்லது. சூலக நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு எல்.ஹெச். எப்போதும் சற்று உயர்ந்திருக்கும் என்பதால் பொய்க் கோடு வரலாம். முட்டை வெளியேறியதா என்பதை உறுதி செய்ய ஃபாலிகுலர் ஸ்கேனும் புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனையும் உள்ளன. ‘21-ஆம் நாள் டெஸ்ட்’ என்று எழுதித் தருவது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 28-ஆம் நாள். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்பதே கணக்கு.

இவை எதுவும் வேண்டாம் என்பவருக்கும் ஒரு வழி உண்டு. மாதவிடாய் நின்றதிலிருந்து ஒன்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை தம்பதியர் சேர்ந்திருந்தால் அந்த ஆறு நாளும் தானாகவே அதில் அடங்கிவிடும். கணவன் பகலிலும் மனைவி இரவிலும் வேலைக்குப் போகும் வீட்டில் அதற்கு நேரம் கிடைப்பதுதான் கடினம். அத்தகையவர்களுக்கே நாளைக் குறித்துக்கொள்வது மெய்யாகப் பயன்படுகிறது.

ஷிஃப்ட் சுழற்சியையே கெடுக்குமா?

தாள் குழம்புவது வேறு, சுழற்சியே குழம்புவது வேறு. எலிகளில் எல்.ஹெச். பெருக்கு உட்கடிகாரத்தின் பிடியில் இறுக்கமாக இருக்கிறது. பெண்களில் அந்தப் பிடி தளர்வானது. அமெரிக்கச் செவிலியர் 71,077 பேரின் தரவுகளை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு, சுழல் ஷிஃப்டில் நீண்ட காலம் இருந்தவர்களிடம் மாதவிடாய் ஒழுங்கின்மை சற்று அதிகம் என்று கண்டது. அதே நேரம், குழந்தைக்கு முயன்ற 1,739 செவிலியரைப் பின்தொடர்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், கருத்தரிக்க ஆகும் காலத்தோடு இரவுப் பணிக்குத் தெளிவான தொடர்பு தெரியவில்லை. வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதும் பாரம் தூக்குவதும்தான் தாமதத்தோடு சேர்ந்து நின்றன. நைட் ஷிஃப்ட் என்றாலே குழந்தை தங்காது என்று பயமுறுத்துவதற்கு ஆதாரம் போதாது. மாதவிடாய் தாறுமாறாக வருவதை ஷிஃப்டின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவதும் சரியல்ல. தைராய்டு, பிசிஓஎஸ் போன்ற காரணங்களை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எப்போது போவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால், 35-ஐத் தொட்டவர்கள் ஆறு மாதத்தில், மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் காத்திருக்காமலேயே போகலாம். கணவரும் கூடப் போய்த் தன் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அப்போது எழுதிவைத்த தாள்களையும் ட்யூட்டி ரோஸ்டரையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். மருத்துவர் கேட்க மறந்தாலும், “இந்த நாட்களில் நான் பகலில் தூங்கினேன், டாக்டர்” என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஷிஃப்ட் மாறியதால் வந்த ஒரு நேர்க்கோட்டுக்குச் சூலகம் மாத்திரை சாப்பிட நேரலாம்.